கோமதி அக்காவின் கையெழுத்து

மடியில் வைத்திருந்த பார்சலின் சூடு புடவையைத் தாண்டித் தொடையைச் சுட ஆரம்பித்தபோதுதான், இந்த ஐந்து வருஷத்தில் ஒரு பார்சலைக்கூடத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை என்பது பொற்கொடிக்கு உறைத்தது. கட்டுவாள், ஸ்டிக்கர் ஒட்டுவாள், ஜன்னல் வழியாக நீட்டுவாள். ஹெல்மெட் போட்ட யாரோ ஒருவர் வாங்கிக்கொண்டு போவார். திரையில் ஒரு புள்ளி கிளம்பும், வளையும், எங்கேயோ ஒரு தெருவில் போய் நிற்கும், மறையும். அதற்கப்புறம் அந்தச் சாப்பாட்டுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. இன்றைக்கு அந்தப் புள்ளியாக அவளே ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறாள். மணி பதினொன்று ஐம்பது. பள்ளிக்கரணையில் கிச்சனில் இப்போது ஆர்டர் விழ ஆரம்பித்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் டிங் என்று ஒரு சத்தம். பன்னிரண்டரைக்கு அது தனித்தனியாகக் கேட்காது, ஒரே சத்தமாக ஓடும். பக்கத்தில் நின்று கட்டுகிற ரெஜினா ஒருத்தியால் சமாளிக்க முடியாது. முதலாளி தயாளனிடம் பேங்க் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். பொய். காலையிலிருந்து இது இரண்டாவது பொய். முதல் பொய்யைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். பெட்ரோல் பங்க், டைல்ஸ் கடை, பிரியாணிக் கடை, இன்னொரு டைல்ஸ் கடை. கவனிக்கலை சார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முதல் பொய் வந்துவிட்டது. ஆர்டர் நெருக்கத்துல கவனிக்கலை சார். அவ்வளவு சரளமாக, இடையில் ஒரு மூச்சுகூட விடாமல், எண்பதை நெருங்குகிற ஒரு மனுஷரிடம் சொல்லியிருக்கிறாள். அவரும் அதை நம்பி, பரவாயில்லைம்மா, உங்களுக்கு அங்க எத்தனை சோலி இருக்கும் என்றார். அவர் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பாள். அந்தப் பரவாயில்லைதான் விட மாட்டேன் என்கிறது.

கோமதி என்று ஒருத்தி கிடையாது. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, நான்கு அடுப்பு, வேலைக்கு ஆறு பேர். ஆனால் போனில் ஆப்பைத் திறந்து பார்ப்பவர்களுக்கு அது ஏழு ஹோட்டல். பிரியாணிக்கு ஒரு பேர், பரோட்டாவுக்கு ஒரு பேர், எண்ணெய் இல்லாத சாப்பாட்டுக்கு வாயில் நுழையாத ஒரு பேர். உட்கார்ந்து சாப்பிட ஒரு பெஞ்சு கிடையாது. உலகம் பூராவும் இப்போது இப்படித்தான் என்பார் தயாளன். துபாயில் பார்த்தேன், லண்டனில் மச்சான் பார்த்திருக்கிறான், சமையல் சுவருக்குப் பின்னால், ஹோட்டல் போனுக்கு உள்ளே, ஜனங்களுக்குக் கதவைத் திறந்து கையை நீட்டுவது மட்டும்தான் வேலை என்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், வீட்டுச் சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு பேர் வேண்டும், படித்ததும் அம்மா ஞாபகம் வர வேண்டும், நீ ஒன்று சொல் என்று இவளைக் கேட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் கோமதி என்று எழுதியிருந்தது. கோமதி அம்மாள் வீட்டுச் சாப்பாடு என்றாள். உடனே பிடித்துப்போயிற்று அவருக்கு. படம் இணையத்தில் எடுத்தது. நரைத்த முடி, மூக்குத்தி, எந்த ஊர்க்காரியோ, உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ. படத்துக்குக் கீழே நாலு வரி வேண்டும் என்றபோது அதையும் இவள்தான் எழுதினாள். ஆறு பிள்ளைகளுக்குச் சமைத்த கை, இன்று உங்களுக்காக. ரெஜினாவுக்குப் படித்துக் காட்டினாள், இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தது இப்போது காதில் கேட்கிறது. அப்புறம் சீட்டு. அதற்கும் வேறு யாரையும் கைகாட்ட முடியாது. பில்லின் பின்பக்கம் பேனாவால் ஒரு வரி எழுதி வைத்தால் ஜனங்கள் மனசு இளகி ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள் என்று கண்டுபிடித்தது அவள். ஆறுவதற்குள் சாப்பிடுங்கள். மழையில் அலையாதீர்கள். இப்படிக்கு கோமதி அம்மாள். ஒரு நாளைக்கு நாற்பது சீட்டு. வீட்டில் ஒன்பதாவது படிக்கும் மகள் அபிராமி ஒரு தடவை பையில் தப்பி வந்த ஒரு சீட்டை எடுத்துப் படித்துவிட்டு, இது யாரும்மா என்று கேட்டாள். நான்தான் என்றதும், என் டிபன் பாக்ஸ்ல ஒரு நாள்கூட வச்சதில்லையே என்று கேட்டுவிட்டு டிவியைப் பார்க்கப் போய்விட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சும்மா கேட்டாள்.

அந்த நாற்பதில் ஒன்றாகத்தான் நங்கநல்லூர் சங்கரலிங்கம் வந்தார். முதல் ஆர்டரிலேயே குறிப்பு எழுதும் கட்டத்தில் தமிழில் அடித்திருந்தார்: கோமதி அக்காவுக்கு, ரசத்தில் பூண்டு வேண்டாம், ஆவுடைக்கு ஆகாது. அம்மாள் என்றுதானே பேர் வைத்தோம், இவர் அக்கா என்கிறாரே என்று ஒரு நொடி யோசித்தாள். யோசித்துவிட்டுச் சீட்டில் எழுதினாள்: சரி ஆவுடை. பூண்டு போடவில்லை. நிதானமாகச் சாப்பிடு. கோமதி அக்கா. எழுதினாளே தவிர, அறுபது லிட்டர் குண்டானில் பூண்டு தட்டிப்போட்டு ரசம் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் மேலே மிதந்த பூண்டை விலக்கிவிட்டு ஊற்றிக் கட்டினாள். ஆவுடைக்கு அன்றைக்கு என்ன செய்ததோ, வயிறு வலித்ததோ, புரண்டு படுத்தாளோ. இத்தனை நாளும் இது மனசில் வந்ததே இல்லை, இந்த ஆட்டோவில்தான் வருகிறது. மறுநாளும் ஆர்டர் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து சமையல்காரரிடம் சொல்லி ஒரு கிண்ணம் ரசம் பூண்டில்லாமல் தனியாக எடுத்து வைத்தாள் என்பது உண்மைதான். ஆனால் அது அடுத்த வாரத்திலிருந்து. அப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. ஆவுடைக்கு இன்று சளி. ஆவுடை நேற்று ஒரு வாய் கூடச் சாப்பிட்டாள். ஆவுடைக்கு இன்று பிறந்தநாள், எழுபத்தாறு. அவர் எழுதுவதும் இவள் பதில் எழுதுவதும் பன்னிரண்டரை மணிக்கு நடக்கிற ஒரு காரியமாகிவிட்டது. அவள் ஆவுடையைப் பார்த்ததில்லை. பருமனாக, வெற்றிலை போட்ட வாயோடு, பிடிவாதக்காரியாக ஒருத்தியை மனசில் வைத்திருந்தாள். பிறந்தநாளன்று ஒரு டப்பா பால்பாயசம் சேர்த்து வைத்தாள். பிரியத்தில்தான் வைத்தாள். பிரியம்தானா? வைக்கும்போது நட்சத்திரத்தை நினைத்தாளா இல்லையா? நினைத்திருப்பாள். இரண்டும் இருந்திருக்கும். இரண்டும் இருந்தால் அதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

மடிப்பாக்கம் கூட்ரோட்டில் மெட்ரோ வேலைக்கு வைத்த தகரத் தடுப்பு பாதி ரோட்டை அடைத்திருந்தது. ஆட்டோ நின்றது. முன்னாலும் பின்னாலும் சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிய வண்டிகள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை, ஏழெட்டு இருக்கும், எல்லோரும் ஹாண்டில்பாரில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போன் அதிர்ந்தது. தயாளன். எடுக்கவில்லை. நின்றதும் மனசின் அடியில் கிடந்தது மேலே வந்துவிட்டது. போன மாதக் கடைசி. அம்மாள் என்று பேர் வைத்த கடை இந்த ஏரியாவில் மட்டும் ஒன்பது ஆகிவிட்டது, இனிமேல் அது ஓடாது, புதுப்பேர் மண்சட்டி விருந்து என்றார் தயாளன். கிச்சனில் ஒரு மண்சட்டி கிடையாது. அதே சோறு, அதே ரசம், டப்பா மட்டும் கறுப்பில் தங்க எழுத்து. சீட்டு வேண்டாம், ஒரு பார்சலுக்கு இருபது நொடி போகிறது, அச்சடித்த ஸ்டிக்கர் போதும் என்றார். சரி என்றாள். திரையில் பழைய பேரை எடுத்துவிட்டுப் புதுப்பேரைப் போட்டது அவள் விரல்தான். நிச்சயமாக மாற்றவா என்று அது ஒரு தடவை கேட்டது. மாற்று என்று அழுத்தினாள். கோமதி அம்மாள் போய்விட்டாள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் சங்கரலிங்கம் எப்படியோ பழைய ஆர்டரைத் தேடிப்பிடித்து அதிலிருந்தே புதுப்பேரில் ஆர்டர் போட்டிருந்தார். குறிப்பு எதுவும் இல்லை. சீட்டு இல்லாமல் கறுப்பு டப்பாவில் போயிற்று. அதைக்கூட விட்டுவிடலாம். அதற்கு அடுத்த நாள். பன்னிரண்டு நாற்பது. குறிப்புக் கட்டத்தில் இருந்தது: அக்கா ஏன் எழுதவில்லை என்று ஆவுடை கேட்கிறாள். படித்தாள். ஒரு தடவை படித்தாள், மறுபடியும் படித்தாள். பேனா காதில் செருகியிருந்தது. பில்லும் கையில்தான் இருந்தது. கைக்கு எட்டாதது ஒன்றுமில்லை. நாலு சொல் எழுதியிருந்தால் போதும். திரையில் முப்பத்தோரு ஆர்டர் வரிசையில் நின்றன, ஜன்னலில் யாரோ அக்கா சீக்கிரம் என்றார்கள், தயாளன் பின்னால் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்தாளா, அல்லது இப்போது அப்படி நினைத்ததாகச் சேர்த்துக்கொள்கிறாளா? சாப்பாடு தயார் என்ற பொத்தானை அழுத்தினாள். அது மட்டும் சந்தேகமில்லை. பச்சை நிறத்தில் எரிந்தது. மறுநாள் அவரிடமிருந்து ஆர்டர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டாள். யாரும் கேட்காதபோதே பதில் தயாராக வைத்திருந்தாள்.

இன்று காலை பத்தே முக்காலுக்கு பில்லில் இருந்த நம்பரைப் பார்த்து அவரே கூப்பிட்டார். கோமதி அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பேர் மாறிவிட்டது சார், சாப்பாடு அதேதான் என்று எல்லோரிடமும் சொல்வதையே சொன்னாள். அப்புறம் அவசரமில்லாமல் சொன்னார். ஆவுடை அவர் மனைவி. மூன்று வருஷமாக ஞாபகம் நழுவிக்கொண்டிருக்கிறது. நேற்று வந்தவர்களைத் தெரியாது, சங்கரன்கோவிலில் சின்ன வயதில் ஓடிய தெரு தெரியும். சாப்பாடு என்றால் வாயை இறுக்கிக்கொள்வாள். ஒருநாள் அவர் போன் திரையைத் தள்ளிக்கொண்டே கடைப் பேரை எல்லாம் சத்தமாகப் படித்தபோது கோமதி என்றதும் நிமிர்ந்து, அக்காவா என்றாள். கூடப்பிறந்த அக்கா பேர் கோமதி. செத்து முப்பத்தேழு வருஷம். இரண்டு பேருக்கும் கடைசிக் காலத்தில் பேச்சுவார்த்தை இல்லை, ஏதோ மனஸ்தாபம். அக்கா அனுப்பியிருக்கா என்று சொல்லி அன்றைக்குத் தட்டை வைத்தார், ஆர்டரில் ஒப்புக்கு ஒரு குறிப்பும் எழுதிவிட்டிருந்தார், சீட்டு வந்தது. சரி ஆவுடை என்று எழுதியிருந்ததைப் பார்த்து அவருக்கே உடம்பு சிலிர்த்துவிட்டதாம். அன்றிலிருந்து தினம் சீட்டைப் படித்துவிட்டுத்தான் கை நனைப்பாள். இப்போது ஒன்பது நாளாகப் பாலும் கஞ்சித் தண்ணீரும்தான், அதுவும் பாதி வெளியே வருகிறது. நான் அறியாப்பிள்ளை இல்லைம்மா, அங்கே கோமதின்னு யாரும் இல்லாம இருக்கலாம், ஆனா எழுதின கைன்னு ஒண்ணு இருக்குமில்லையா, அவங்களைக் கேக்கேன், என்று சொன்னார். அன்னிக்கு அக்கா ஏன் எழுதலைன்னு கேட்டிருந்தேனே, அவங்க அதைப் பாக்கலையோ என்றார். அப்போதுதான் சொன்னாள், கவனிக்கலை சார் என்று. கேட்டவருக்கு உண்மையைச் சொல்ல நல்ல இடம் அதுதான். நாக்கு அதற்குள் வேலையை முடித்துவிட்டது. போனை வைத்ததும் சமையல்காரரிடம் போய் நின்றாள், ரசம் கூட்டுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் தனியாக, பூண்டில்லாமல் என்றாள். சோறு, ரசம், கத்தரிக்காய்க் கூட்டு, அப்பளம். கட்டினாள். வண்டிக்காரர் யாரிடமாவது கொடுத்தனுப்பத்தான் கட்டினாள். ஜன்னல் வரை கொண்டுபோனவள் நீட்டாமல் திரும்பி வந்து பையை மாட்டிக்கொண்டாள்.

தடுப்பைத் தாண்டி ஆட்டோ நகர்ந்தது. சீட்டு எழுத வேண்டும், அது இல்லாமல் போய் என்ன பிரயோஜனம். பையிலிருந்து ஒரு பழைய பில்லை எடுத்து டப்பாவின் மேல் வைத்து எழுதப் பார்த்தாள். அன்புள்ள ஆவுடை. அப்படி ஒருநாளும் எழுதியதில்லை, அடித்தாள். ஆவுடை, உடம்பு சரியில்லாமல் இருந்தது. யாருக்கு உடம்பு சரியில்லை? அடித்தாள். ஆவுடை, மறந்துவிட்டேன். மறக்கவில்லையே. மறந்திருந்தால் இப்படிக் குறுகுறுக்காதே. முன்பெல்லாம் நாற்பது சீட்டை எழுதுவது தண்ணீர் குடிக்கிற மாதிரிதான் இருந்தது, பொய் என்ற நினைப்பே இல்லாததால் கை ஓடியது. இப்போது மறுமுனையில் ஒரு வாய் இருக்கிறது, அது திறக்குமா மூடுமா என்பது இந்தப் பேனாவில் இருக்கிறது. அப்படியென்றால் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. மற்ற முப்பத்தொன்பது பேர்? அவர்களில் யார் யார் எந்தச் சீட்டைப் படித்துவிட்டுச் சாப்பிட்டார்களோ. புழுதிவாக்கத்தில் ஒரு ஹாஸ்டல் பெண் பரீட்சை என்று எழுதுவாள். வேளச்சேரியில் ஒருவர் எதுவுமே எழுத மாட்டார், ஆனால் ஒரு நபர் சாப்பாடு என்பது மாறவே மாறாது. அத்தனை பேரையும் ஒரே அழுத்தில் அழித்திருக்கிறாள். மூவரசம்பேட்டை குளம் வந்தது. ஆட்டோக்காரர் எந்தத் தெரு என்று கேட்டார், சொன்னாள். திரும்பிவிடலாம் என்று தோன்றியது. பார்சலை வாசலில் வைத்து மணியை அடித்துவிட்டு இறங்கிவிடலாம், எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள். அவர் உள்ளே கூப்பிட்டு, நீங்கதான் கோமதி அக்கான்னு சொல்லுங்க, ஒரு நிமிஷம் என்று கேட்டுவிட்டால்? கேட்பார். கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. அவளால் அந்த வேஷத்தை இனி ஒருநாள்கூடப் போட முடியாது, அதே சமயம் போட மாட்டேன் என்று சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது? எழுதி முடிக்காத பில் கையில் வியர்வையில் நமுத்துப்போயிற்று. ஆட்டோ நின்றுவிட்டது.

முதல் மாடி. மணியடிப்பதற்கு முன்பே கதவு திறந்தது, சத்தம் கேட்டு வந்திருப்பார். வேட்டி, கை வைத்த பனியன், முகம் மழித்து இரண்டு மூன்று நாள் இருக்கும். அவர் கண் முதலில் பார்சலுக்குப் போயிற்று, அப்புறம் அவளுடைய கைக்கு. கிச்சனிலிருந்து வருவதாகச் சொன்னாள். ஆர்டர் போடவில்லையே என்றார். தெரியும் என்றாள். அவர் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவிரலில் பேனா அழுத்திக் காய்த்த இடம் இருந்தது.

"எழுதினது நீங்களாம்மா?"

ஆமாம் என்று தலையசைத்தாள். அவர் முகம் மலர ஆரம்பித்தது. அது முழுக்க மலர்ந்துவிட்டால் அப்புறம் ஒருநாளும் சொல்ல முடியாது என்று பட்டது.

"சார், காலைல கவனிக்கலைன்னு சொன்னேன். அது பொய். நீங்க கேட்டிருந்ததைப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். படிச்சுட்டு எழுதாமதான் அனுப்பினேன்."

கதவுப் பிடியில் இருந்த அவர் கை அப்படியே இருந்தது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள், இரண்டு தடவை கிளம்பாமல் மூன்றாவது தடவை கிளம்பியது. இந்தத் தடவை அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. உள்ளே வாங்க என்றார்.

ஆவுடை ஜன்னலை ஒட்டிய கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பருமன் இல்லை. வெற்றிலை இல்லை. நைட்டிக்குள் தோள் எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தன. சங்கரலிங்கம் பக்கத்தில் போய்க் குனிந்து, அக்கா வீட்டிலிருந்து வந்திருக்காங்க என்றார். அவர் பொற்கொடியைக் கோமதி ஆக்கவில்லை. அந்த மட்டுக்கு அவளை விட்டார். ஆவுடை இவளைப் பார்க்கவில்லை. பார்சலைப் பார்த்தாள், கறுப்பு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மூடிக்குக் கீழே விரலை விட்டுத் தேடினாள். இல்லை என்று தெரிந்ததும் டப்பாவைத் தள்ளிவிட்டாள். சங்கரலிங்கம் பொற்கொடியைத் திரும்பிப் பார்த்தார். நமுத்துப்போன பில் பையில் இருந்தது, மூன்று வரியும் அடித்த பில். அதை எடுக்கவில்லை.

"அவ எனக்கு ஒரு காயிதம் போட்டா," என்றாள் ஆவுடை. குரல் தெளிவாக இருந்தது. "படுக்கையில கிடக்கேன், ஒருக்கா வந்துட்டுப் போன்னு. படிச்சேன். பீரோவுல துணிக்கு அடியில வச்சேன். பதில் போடல. அதான் இப்ப அவளும் போடல."

சங்கரலிங்கம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு கடிதம் வந்தது இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாது என்பது அவர் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது. முப்பத்தேழு வருஷம் ஒரே வீட்டில், ஒரே பீரோவில். பொற்கொடி தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள், அப்போதுதான் ஆவுடையின் கண்ணுக்கு நேராக வர முடிந்தது. என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பொய் சொல்லக் கூடாது என்பது மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்துத்தான் பேசினாள்.

"கோபத்துல இல்லம்மா. நீங்க கேட்டதைப் படிச்சாச்சு. அன்னிக்கு வேலை ஜாஸ்தி. நாளைக்கு எழுதிக்கலாம்னு விட்டாச்சு. எழுதியிருக்கணும். தப்புதான்."

ஆவுடை இப்போதுதான் அவளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். யார் என்று தேடுகிற பார்வையா, எல்லாம் தெரிந்த பார்வையா என்று பொற்கொடிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"தப்புன்னு சொன்னாளா?"

"ஆமாம்மா. தப்புதான்னு சொல்லத்தான் வந்தேன்."

"நானும் அப்பிடித்தான்," என்றாள் ஆவுடை. "கோவம்னு இல்ல. நாளைக்குப் போடுவோம்னு வச்சேன். அதுக்குள்ள தந்தி வந்துட்டு."

கையால் துழாவிப் புடவைத் தலைப்பைத் தேடினாள், நைட்டியில் தலைப்பு இல்லை, வெறும் கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் தள்ளிவிட்ட டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். மூடியைத் திறக்க அவளால் முடியவில்லை. பொற்கொடி திறந்தாள். சோறு இன்னும் ஆவி விட்டது. ரசத்தை ஊற்றி, கையலம்பக்கூட எழுந்திருக்காமல் அப்படியே பிசைந்தாள், குழையக் குழையப் பிசைந்தாள். பையில் போன் அதிர்ந்து நின்று மறுபடியும் அதிர்ந்தது. அதைக் கேட்டுக்கொண்டே பிசைந்தாள். முதல் வாயை ஆவுடை உடனே விழுங்கவில்லை, கன்னத்தில் வைத்திருந்தாள். சங்கரலிங்கம் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை அசைந்தது. இரண்டாவது வாய்க்கு அவளாகவே திறந்தாள். சங்கரலிங்கம் எழுந்து சமையலறைக்குப் போனார், தண்ணீர் எடுக்கத்தான் போனார், குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் திரும்பி வரவில்லை. நாலாவது வாயில் ஆவுடை முகத்தைச் சுளித்தாள். ரசத்துல உப்பு கூடிப்போச்சு என்றாள். பொற்கொடி விரலை நக்கிப் பார்த்தாள். கூடித்தான் இருந்தது. இத்தனை வருஷமாகக் கட்டி அனுப்புகிற ரசத்தை இப்போதுதான் வாயில் வைத்துப் பார்க்கிறாள். சொல்லிவிடுகிறேன் என்றாள். ஆவுடை இன்னும் ஒரு வாய் வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு எழுதுவாளா?"

தயாளன் சீட்டு கூடாது என்றிருக்கிறார். இன்று ஆர்டர் நேரத்தில் கிளம்பி வந்ததற்கு நாளைக்கு வேலையே இருக்கிறதோ இல்லையோ. இருந்தாலும் பன்னிரண்டரைக்கு முப்பது ஆர்டர் நிற்கும், ஜன்னலில் யாராவது சீக்கிரம் என்பார்கள், கை வழக்கம்போலப் பச்சைப் பொத்தானுக்குத்தான் போகும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"எழுதுவாம்மா," என்றாள். சொன்னது பொய்யா என்று தனக்குள் பார்த்தாள். அது இன்னும் முடிவாகவில்லை. அடுத்த வாயை உருட்டினாள்.